மாடுபிடி வீரரை வாத்தியாராக்குவது எப்படி? ஜிம் ஷோல்டர்ஸ் செய்தது டெல்டாவில் நடக்குமா?

கேள்வி: தோப்புவாசி

எல்லாருக்கும் வணக்கம். ஒரத்தநாட்டுக்கும் திருக்கானூர்பட்டிக்கும் நடுவில் இருக்கிற ஓர் ஊர் மன்றத்துக்காகக் கேட்கிறேன். மன்றத்து ஜல்லிக்கட்டு மாடுபிடி வீரர் ஒருவர், வயது 36, வருகிற தையோடு களத்தில் இறங்குவதை நிறுத்திக்கொள்கிறார். பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஆசை. மன்றத்துக்கும் ஆசை. ஆனால் "எப்படிண்ணே அணையுறீங்க?" என்று கேட்டால், "மாடு வரும், கையப் போட்டுட வேண்டியதுதான்" என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

அமெரிக்காவில் ஜிம் ஷோல்டர்ஸ் என்ற ரோடியோ (துள்ளும் காளை, குதிரை மேல் சவாரி செய்யும் போட்டி) சாம்பியன், ஆட்டத்துக்குப் பிறகு பள்ளி வைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்று படித்தேன். அங்கே இதை எப்படிப் பிரித்துப் பாடமாக்கினார்கள்? மாட்டை அடக்குவதுதானே இரண்டும், அந்த முறை நமக்கு ஒத்துவருமா? என்ன தளவாடம் வேண்டும், எத்தனை வாரம், எங்கே தப்பு நடக்கும்? சின்னதாக ஒரு வாடிவாசல் கட்டி ஊர் மாடுகளை அவிழ்த்துவிட்டே பழக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். கையில் 8 பையன்கள். எல்லாரும் 18 முடிந்தவர்கள், பாதிப் பேர் கபடி ஆடுகிறவர்கள்.

பதில் 1: மணல்மேட்டான்

முதலில் ஷோல்டர்ஸ் பற்றி. 1928-ல் ஓக்லஹோமாவின் துல்சாவில் பிறந்தவர். 14 வயதில் முதல் ரோடியோவில் இறங்கி 18 டாலர் ஜெயித்தார். 1949-லிருந்து 1959-க்குள் 16 உலகப் பட்டங்கள்: காளை சவாரியில் 7, சேணமில்லாத குதிரை சவாரியில் 4, எல்லாப் பிரிவும் சேர்ந்த ஒட்டுமொத்தப் பட்டம் 5. உடம்பு தாங்காத நிலை வந்தபோது அவர் தொழிலை விட்டுப் போகவில்லை. ஹென்றியெட்டா என்ற ஊரில் இருந்த தன் பண்ணையில் காளைகளை வளர்த்து ரோடியோக்களுக்கு அனுப்பினார், அங்கேயே சவாரிப் பள்ளியும் நடத்தினார். 'டொர்னாடோ' என்று பேர்பெற்ற காளை அவருடையதுதான். 200-க்கும் மேற்பட்ட சவாரிக்காரர்களைக் கீழே தள்ளிய மாடு அது. 1967 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் ஃப்ரெக்கிள்ஸ் பிரவுன் என்பவர்தான் முதன்முதலில் அதன்மேல் முழு நேரமும் உட்கார்ந்தார். அப்போது பிரவுனுக்கு வயது 46. ஷோல்டர்ஸ் 2007-ல் காலமானார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வாத்தியார் வேலையும் மாடு வளர்ப்பும் அவரிடம் ஒரே பண்ணையில் ஒன்றாக நடந்தன. எந்த மாடு எந்தப் பையனுக்கு என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. சாதுவான மாட்டில் தொடங்கிக் கடினமான மாட்டுக்குப் படிப்படியாக ஏற்ற அவரால் முடிந்தது. நம் ஆட்டத்தில் அது முடியாது. வாடியிலிருந்து எந்த மாடு வரும் என்பது வீரன் கையில் இல்லை. ஆகவே அவர்கள் மாட்டை வைத்துக் கட்டிய ஏணியை நாம் பொம்மையை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

"மாட்டை அடக்குவதுதானே இரண்டும்" என்பது சரியில்லை. ரோடியோவில் சவாரிக்காரன் மாட்டின்மேல் உட்கார்கிறான். மாட்டின் மார்பைச் சுற்றிப் பின்னல் கயிறு ஒன்று உண்டு, ஒரு கையால் அதைப் பிடித்து 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மற்றக் கை மாட்டின்மேலோ தன்மேலோ பட்டால் மதிப்பெண் கிடையாது. மொத்தம் 100: சவாரிக்காரனுக்கு 50, மாடு எவ்வளவு துள்ளியது என்பதற்கு 50. நம் ஆட்டத்தில் கயிறு கிடையாது, ஏறி உட்காரவும் கூடாது. திமிலை மட்டும் அணைத்துக்கொண்டு மூன்று துள்ளு அல்லது 15 மீட்டர். வாலைப் பிடித்தாலோ கொம்பைப் பிடித்தாலோ காலைக் கட்டினாலோ தவறு. ஆக, அவர்களுடைய பிடிப்புப் பாடம் நமக்கு உதவாது.

உதவுகிறவை இரண்டு. ஒன்று, பீப்பாய்ப் பயிற்சி. வெறும் பீப்பாயை நாலு கம்பத்துக்கு நடுவே கயிற்றில் தொங்கவிட்டு, நாலு பேர் நாலு பக்கமும் கயிற்றை இழுத்து ஆட்டுவார்கள். மாடு இல்லாமலே உடம்புக்குத் துள்ளல் பழகும். இரண்டு, இறங்கும் பாடம். 1987-ல் உலகப் பட்டம் வென்ற லேன் ஃப்ராஸ்ட், 1989 ஜூலை 30 அன்று ஷையன் நகரில் 8 விநாடியை முழுதாக முடித்துவிட்டு இறங்கியவர். இறங்கிய பிறகுதான் மாடு திரும்பி முட்டியது, விலா உடைந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அவருடைய கூட்டாளி கோடி லாம்பெர்ட் நெஞ்சுக்கவசம் ஒன்றை வடிவமைத்தார், காளை சவாரியில் அது வழக்கமாகிவிட்டது. பிடிப்பதைவிட விடுவது ஆபத்து என்பதை அந்த ஊர்ப் பள்ளிகள் முதல் நாளே சொல்லித்தருகின்றன. நம் பக்கம் யாரும் இதைத் தனிப் பாடமாகச் சொல்வதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

உங்கள் வீரருக்கு வார்த்தை வராதது பற்றிக் கவலை வேண்டாம். நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலோருக்கும் அப்படித்தான், கை செய்வது வாய்க்குத் தெரியாது. அவரிடம் "எப்படி?" என்று கேட்காதீர்கள். பொம்மையை அணையச் சொல்லி, போனில் மெதுவோட்டத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு தரம், பின்னாலிருந்து ஒரு தரம் எடுங்கள். பிறகு அவரை உட்காரவைத்து ஓட்டிக்காட்டி, நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்: "இந்த இடத்தில் இடது கால் எங்கே? தலை எந்தப் பக்கம்? கண் எதைப் பார்க்கிறது?" இப்படிக் கேட்டால் பதில் வரும். அந்தப் பதில்கள்தான் பாடத்திட்டம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 1970-ல் காளை சவாரிப் பட்டம் வென்ற கேரி லெஃப்யூவும் பின்னாளில் பள்ளி நடத்தினார். மாட்டைத் தொடுவதற்கு முன் முழுச் சவாரியையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்வது அவர் முறை. காசில்லாத பயிற்சி. மழை நாளில் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம்.

பதில் 2: களத்துமேடு

மணல்மேட்டான் அண்ணன் சொன்ன பொம்மையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். இரண்டு வேண்டும்: ஒன்று தொங்குவது, ஒன்று ஓடுவது.

தொங்கும் பொம்மைக்கு 200 லிட்டர் தகர டிரம். குறுக்களவு இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு, நீளம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு, மாட்டு உடம்புக்கு அது போதும். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், வழுக்கும், அடிபட்டால் நசுங்கித் திரும்பிவிடும். டிரம்மில் கொக்கி வைக்க வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவீர்கள். டீசலோ தின்னரோ இருந்த டிரம் என்றால் வெல்டிங் வைக்கவே கூடாது. கழுவினாலும் உள்ளே ஆவி நின்று வெடிக்கும். சமையல் எண்ணெய் டிரம்மாகக் கேட்டு வாங்குங்கள், அதிலும் வெல்டிங்குக்குப் பதில் துளை போட்டு போல்ட் கொக்கி மாட்டுவதே நல்லது. மேலே இரண்டு சுற்று சாக்கு, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள். தகர விளிம்பு தெரியக்கூடாது, கையைக் கிழிக்கும்.

நாலு சவுக்குக் கம்பம், பத்தடி உயரம், அதில் மூன்றடி மண்ணுக்குள். நம் பக்கம் வண்டல் மண், மழையில் இளகிவிடும். குழியில் செங்கல் ஜல்லி போட்டு இடித்து நடாவிட்டால் ஐப்பசியில் கம்பம் சாய்ந்து நிற்கும். கயிறு கட்டைவிரல் பருமன் நைலான். தேங்காய்க் கயிறு இதற்கு ஆகாது. வெளியே நன்றாக இருக்கும், உள்ளே இற்றுப்போயிருக்கும், ஆட்டும்போது அறுந்து டிரம் பையன் காலில் விழும்.

திமில்தான் முக்கியமான வேலை. ஒரு சணல் சாக்கில் தேங்காய் நாரைக் குத்தித் திணித்து, டிரம்மின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கோணி ஊசியால் அடித் துணியோடு சேர்த்துத் தையுங்கள். அடி கெட்டியாகவும் மேல்பகுதி கொஞ்சம் துவளவும் இருக்க வேண்டும். நிஜத் திமிலும் அப்படித்தான்: நுனியைப் பிடித்தால் சரிந்து கையை விட்டுப் போகும், அடியை வளைத்தால்தான் நிற்கும். முழுக்கக் கெட்டியாகத் திணித்துவிட்டால் பையன் நுனியைப் பிடித்தே பழகிவிடுவான். உயரத்துக்கு ஊரில் உள்ள மாட்டின் திமில் தரையிலிருந்து எவ்வளவு என்று குச்சியால் அளந்து அதே அளவில் தொங்கவிடுங்கள். பொம்மைப் பயிற்சியின் கடைசி மூன்று வாரம் சாக்கின்மேல் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். வியர்த்த மாடு கையில் அப்படித்தான் வழுக்கும்.

ஓடும் பொம்மைக்கு அதே மாதிரி டிரம், கீழே சட்டம் அடித்து இரண்டு பழைய மொபெட் சக்கரம், பின்னால் எட்டடி மூங்கில் இரண்டு. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். இதில் கொம்பு வையுங்கள். வளைத்த பி.வி.சி. குழாய், மேலே நுரைப்பஞ்சு, அதன்மேல் துணி. வகுப்பு தொடங்கும்போது கொம்புத் துணியில் ஈரக் காவி தடவிவிடுங்கள். பையன்கள் வெள்ளைப் பனியன் போட்டு வரட்டும். அணைந்து விட்டு எழுந்ததும் பனியனைப் பார்த்தால் தெரியும்: கடைசி விலாவுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் காவிக் கோடு. நிஜக் கொம்பாக இருந்தால் அந்த இடத்தில் கல்லீரலோ மண்ணீரலோ. எவ்வளவு சொன்னாலும் கேட்காத பையன் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு தலையையும் உடம்பையும் திமிலுக்குப் பின்னால் வைப்பான். எந்தப் பையனுக்கு எந்த இடத்தில் கோடு விழுந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தால், நாலு வாரத்தில் ஒவ்வொருவனுடைய கெட்ட பழக்கமும் வாத்தியாருக்குப் புரிந்துவிடும்.

விழும் குழி: 20 அடிக்கு 12 அடி, முக்கால் அடி ஆழம், அதாவது 180 கன அடி, ஏறக்குறைய 2 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). நிரப்ப நார்த்தூள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கயிற்று மில்களில் கிடைக்கும். நீள நார் கலந்து வந்தால் சலித்து எடுங்கள், கால் விரலில் சுற்றி ஆளைத் தடுக்கிவிடும். நார்த்தூள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், மழையில் நனைந்தால் சேறாகக் கனத்துவிடும், காய்ந்தால் மேலே பாளம் கட்டும். நாலு பக்கமும் வரப்பு உயர்த்தி, தார்ப்பாய் போட்டு மூடி, ஒவ்வொரு காலையும் மண்வெட்டியால் கிளறிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கிளறும்போதே கண்ணாடிச் சில்லு, முள், தேள் எல்லாம் தெரிந்துவிடும். தென்னந்தோப்பு நிழலாக இருக்கிறதே என்று அங்கே குழி வெட்டாதீர்கள். மரம் மோதும், மட்டை விழும்.

இனி பாடம். 12 வாரம், வாரம் 4 நாள், காலை ஒன்றரை மணி நேரம். புரட்டாசியில் தொடங்கினால் மார்கழியில் முடியும். நடவு நாட்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள், அதைக் கணக்கில் வைத்தே 12 என்கிறேன்.

முதல் 2 வாரம் விழுவது மட்டும். முகவாய் நெஞ்சோடு, தோள் முதலில், உருண்டு எழ வேண்டும். உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டும் காறை எலும்பும் உடையும். இதில் பையன்களுக்கு அலுப்பு வரும், "எப்ப மாடு?" என்பார்கள். வாத்தியார் விட்டுக்கொடுக்கக்கூடாது.

அடுத்த 2 வாரம் நிற்கும் பொம்மையில் அணைப்பு. மாட்டுப் பக்கத்துக் கை முதலில் திமிலைத் தாண்டி அந்தப்புறம் விழும். மற்றக் கை வந்து அந்த மணிக்கட்டைப் பற்றும். விரலோடு விரலைக் கோத்துப் பூட்டவே கூடாது. விட வேண்டிய நேரத்தில் பூட்டு கழலாது, விரல் முறியும். கன்னம் மாட்டு முதுகோடு, தலை திமிலுக்குப் பின்பக்கம். கண் கொம்பைப் பார்க்கக்கூடாது, பார்க்கப்போனால் தலை தானாக முன்னால் நீளும். காவிக் கோடு அதிகம் விழுவது இதனால்தான்.

5-லிருந்து 7 வரை ஓடும் பொம்மை. முன்னால் நின்று எதிர்கொள்வதல்ல, பக்கவாட்டில் நின்று, மாட்டின் தோள் தன்னைத் தாண்டும் நொடியில் இரண்டு எட்டு கூட ஓடிக் கை போடுவது. கூட ஓடாமல் நின்ற இடத்தில் கை போடுகிறவனை மாடு தோள்மூட்டோடு இழுத்துக்கொண்டு போகும். கபடிப் பையன்களை இங்கே தனியாகக் கவனியுங்கள். அவர்களுக்குக் கை தானாகக் கீழே காலுக்குப் போகும். கபடியில் அது நல்ல பிடி. இங்கே விதிப்படி தவறு, குளம்பும் முகத்தில் படும். அந்தப் பழக்கம் போக, பொம்மையைச் சுற்றி இடுப்புயரத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள், கை அதற்குக் கீழே போனால் அந்தச் சுற்று செல்லாது.

8-லிருந்து 10 வரை சுற்றும், விடுவதும். தொங்கும் பொம்மையை இழுப்பவர்கள் மாற்றி மாற்றிச் சுழற்ற வேண்டும். விடுவதற்கு ஒரே விதி: மாடு உங்களை விட்டு மறுபக்கம் திரும்பும்போது விடு, உங்கள் பக்கம் திரும்பும்போது இறுக்கு. மறுபக்கம் திரும்பினால் கொம்பு தள்ளிப்போகும். ஆனால் பின்பாகம் உங்கள் மேல் வீசும், அதனால் விட்டதும் கையால் உந்தி ஓர் எட்டு விலகி விழ வேண்டும். எழ முடிந்தால் பக்கவாட்டில் தடுப்பை நோக்கி ஓடு. மாட்டுக்கு நேர் முன்னால் ஓடாதே. எழ முடியாவிட்டால் குப்புறப் படுத்து, கழுத்தின் பின்புறம் கையைக் கோத்து, அசையாதே.

வாத்தியார் குரலுக்கு மூன்றே சொல் போதும்: "போடு", "ஒட்டு", "விடு". களத்துச் சத்தத்தில் நீள வாக்கியம் காதில் ஏறாது.

கடைசி 2 வாரம் பொம்மையும் வேண்டாம், புதுப் பாடமும் வேண்டாம். பழையதை ஓட்டிப் பார்ப்பதும் மாட்டைப் பார்த்துப் படிப்பதும்தான். அதைக் கால்நடை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில் 3: உம்பளாச்சேரி_ரசிகை

முதலில் அந்தச் சின்ன வாடிவாசல் யோசனையைக் கைவிடுங்கள். 2017-ல் சட்டத் திருத்தம் வந்த பிறகு ஜல்லிக்கட்டு ஜனவரியிலிருந்து மே வரை, அரசு அறிவித்த இடத்தில், ஆட்சியர் அனுமதியோடுதான் நடக்கலாம். உச்ச நீதிமன்றம் 2023 மே 18-ல் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று சொன்னதே, மாட்டுக்கு வதை இல்லாமல் நடத்த விதிகள் இருக்கின்றன என்பதை வைத்துத்தான். புரட்டாசியில் தோப்புக்குள் மாட்டை அவிழ்த்துவிட்டு எட்டுப் பேர் மாறி மாறிப் பாய்ந்தால் அது பயிற்சி ஆகாது, அனுமதியில்லாத ஜல்லிக்கட்டு. யாராவது காணொளி போட்டால் வழக்கு உங்கள் மன்றத்தோடு நிற்காது, பக்கத்து ஊர் அனுமதிக்கும் இடைஞ்சல் வரும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்த தீர்ப்புக்குப் பிறகு ஆட்டமே இல்லாமல் போன பருவங்களை மறந்துவிடக்கூடாது. மாட்டுக்கும் கெடுதல்: திரும்பத் திரும்பப் பிடிபட்ட மாடு ஒன்று பயந்து ஒடுங்கும், இல்லாவிட்டால் ஆளைத் தேடிக் குத்தப் பழகும்.

மாட்டோடு பையன்கள் பழகத்தான் வேண்டும், ஆனால் அணைப்பதற்கு அல்ல. மாடு வளர்ப்பவர் காலையில் நடைக்கு ஓட்டிப்போவார், குளத்தில் நீந்தவிடுவார், மண் குத்தவிடுவார். அவர் கூடவே போய்ப் பாருங்கள், தண்ணி காட்டுங்கள், சாணி அள்ளுங்கள். உங்கள் பக்கம் உம்பளாச்சேரி மாடு இருந்தால் இன்னும் நல்லது. சேற்று உழவுக்கென்றே டெல்டாவில் உருவான இனம். கன்றாக இருக்கும்போது செம்பழுப்பு, ஆறேழு மாதத்தில் சாம்பல் ஏறும், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. உயரம் குறைவு, ஆனால் சட்டென்று திரும்பும், மிரளும். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கை அரசுப் பண்ணையில் இந்த இனத்தைப் பேணுகிறார்கள். ஜல்லிக்கட்டுக்குப் பெரும்பாலும் புலிக்குளம் மாடுதான் வரும் என்றாலும், சட்டென்று திரும்பும் மாட்டின் பக்கத்தில் எப்படி நிற்பது என்பதை உம்பளாச்சேரி நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

என்ன பார்க்க வேண்டும்? மாட்டுக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆனால் தூரத்தை மட்டிடும் திறன் குறைவு, அதனால் திடீர் அசைவுக்குத்தான் பாயும். சிவப்பு நிறம் கோபமூட்டும் என்பது தவறு, சிவப்பைப் பிரித்தறியும் செல் அதன் கண்ணில் இல்லை. தோள்தான் அதன் நிதானப் புள்ளி: நீங்கள் தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னால் போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நின்று திரும்பும். களத்துமேடு சொன்ன "தோள் தாண்டும் நொடி" இதனால்தான் சரி. அரை நொடி முந்தினால் மாடு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

காதைப் பாருங்கள். இரண்டு காதும் பின்னால் படிந்து, தலை தாழ்ந்து, பக்கவாட்டாக உடம்பைக் காட்டினால் அது மிரட்டல். முன்காலால் மண்ணை வாரினால் அடுத்தது பாய்ச்சல். காது ஒரே இடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்தால் மாடு குழம்பியிருக்கிறது, எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. அப்படிப்பட்ட மாட்டை விட்டுவிடுவதுதான் புத்தி. களத்தில் மாடு மூன்று வகையாக வரும்: வாடியை விட்டு நேரே ஓடுவது, சுற்றுவது, நின்று விளையாடுவது. ஓட்ட மாட்டில் கையும் காலும் வேகம் வேண்டும். சுற்று மாட்டில் பிடி வேண்டும். நின்று விளையாடும் மாட்டிடம் புதுப் பையன் போகவே கூடாது. பக்கத்து ஊர்களில் தை, மாசியில் நடப்பதைத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு மாடும் எந்த வகை என்று வாடியை விட்டு வந்த இரண்டு நொடிக்குள் சொல்லிப் பழகட்டும். புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் வழக்கமாக ஆண்டின் முதல் ஆட்டம் தொடங்கும், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் வருடம் பார்ப்பது மட்டும், இறங்குவது அடுத்த வருடம் என்று வைத்தால் நல்லது.

தோப்புவாசி

மூன்று பேருக்கும் நன்றி. வாடிவாசல் யோசனை இனி இல்லை. வீரரிடம் போன் வீடியோ காட்டிக் கேட்டோம். "மூச்சை அடக்கிட்டு போடுறேன், மொத துள்ளுல விடுறேன்" என்று முதல் தரமாகச் சொன்னார். இரண்டு சந்தேகம். நெஞ்சுக்கவசம் பயிற்சிக்கு வேண்டுமா? அடிபட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன? ஊரில் காயத்துக்குக் காப்பித்தூள் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

பதில் 4: காயக்கட்டு

காப்பித்தூள், மஞ்சள், மண், சுண்ணாம்பு எதுவும் கூடாது. கொம்புக் காயம் வெளியே ஒரு ரூபாய்க் காசளவு இருக்கும், உள்ளே ஒரு சாண் போயிருக்கும். பல சமயம் கொம்பு உள்ளே போனபின் மாடு தலையைத் திருப்புவதால் உள்ளே ஒன்றுக்கு மேல் பாதை இருக்கும். ஆகவே "சின்னக் காயம்தான், பஸ்ஸில் போயிடலாம்" என்பதே கிடையாது. எந்தக் குத்துக் காயமானாலும் 108.

தொடை, கவட்டையில் குத்தினால் பெரிய ரத்தக்குழாய். சுத்தமான துணியைக் காயத்துக்குள் அழுத்தித் திணித்து, உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்துங்கள். நனைந்துவிட்டது என்று எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். காலில் கீழ்ப்பகுதியாக இருந்து அழுத்தியும் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். மெல்லிய கயிறு கூடாது, தசையை அறுக்கும்.

வயிற்றில் குத்திக் குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளவே கூடாது. சுத்தமான துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து மேலே மூடி, முட்டியை மடக்கிப் படுக்கவையுங்கள். தண்ணீர், சோடா, இளநீர் எதுவும் வாயில் கொடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சில் முட்டுப்பட்டவன் எழுந்து நடந்தாலும், அரை மணிக்குள் மூச்சு வாங்கினாலோ தோள் நுனி வலித்தாலோ உடனே கூட்டிப்போங்கள். விலாவுக்குக் கீழே ரத்தம் கசிந்தால் தோளில்தான் வலி தெரியும்.

சேற்றிலும் சாணியிலும் புரண்ட கொம்பு என்பதால் டெட்டனஸ் ஊசி முன்னாலேயே வேண்டும். பயிற்சி தொடங்கும் மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் போட்டு, தேதியை நோட்டில் குறித்துவிடுங்கள்.

கவசம்: பயிற்சியில் கட்டாயம் போடுங்கள், நுரை வைத்தது போதும். அது முட்டின் அடியை அகலப் பரப்பும், அதனால் விலா தப்பும். நேராகக் குத்தும் கொம்பை எல்லாச் சமயமும் தடுக்காது, அதை நம்பிப் பையன் துணிந்துவிடக்கூடாது. நம் வெயிலில் உடம்பு சூடு ஏறும், 20 நிமிடத்துக்கு ஒரு தரம் கழற்றித் தண்ணீர் குடிக்கட்டும். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இடுப்புக்குக் கீழே போடும் காப்பு, குத்துச்சண்டைக்காரர்களின் பல் காப்பு, இரண்டும் விலை குறைவு, இரண்டும் வாங்குங்கள்.

குழியில் இறங்கும் முன் வாத்தியார் ஒவ்வொருவனையும் நிறுத்திப் பார்க்க வேண்டியவை: மோதிரம், கையில் கட்டிய மந்திரக் கயிறு, கழுத்துச் சங்கிலி, அரைஞாண் கயிறு. கொம்பு நுனி இவற்றில் மாட்டினால் ஆளைவிட்டு மாடு போகாது, ஆளையும் இழுத்துப் போகும். அரைஞாணைக் கழற்ற வீட்டில் ஒப்பமாட்டார்கள் என்றால் இடுப்பில் துணியை இறுக்கிச் சுற்றி உள்ளே மறைத்துவிடுங்கள். நகத்தையும் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள், சாக்குத் திமிலிலேயே நகம் பெயரும்.

களத்துமேடு

"மொத துள்ளுல விடுறேன்" என்று உங்கள் வீரர் சொன்னதை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கை போடும்போது மூச்சை அடக்கினால் நெஞ்சு விறைத்து முட்டும் அடியைத் தாங்கும், ஆனால் 15 மீட்டரும் அடக்கியே போனால் கை தளரும். எந்தத் துள்ளில் மூச்சை விடுவது என்று அவர் சொன்னது பொம்மையில் பழக்கக்கூடிய விஷயம். கயிறு இழுப்பவர் "ஒண்ணு" என்று கத்த, பையன் அந்த நொடியில் சத்தமாக மூச்சை விட வேண்டும். சத்தம் கேட்காவிட்டால் அந்தச் சுற்று மறுபடி.

கூட ஒன்று: வகுப்பில் எப்போதும் இரண்டு பேரைப் பொம்மை மேல் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, முதலில் கை போட்டவனுக்கே மாடு, இரண்டாமவன் கையை எடுக்க வேண்டும் என்று பழக்குங்கள். ஒரு மாட்டுக்கு ஓர் ஆள் என்பதுதான் விதி. இரண்டு பேர் பிடித்தால் பரிசும் இல்லை, இரண்டாவது ஆளின் பாரத்தில் முதல் ஆளின் பிடி கழன்று கொம்புப் பக்கம் சரிவான். கையை எடுக்கப் பழகாத பையனைத் தையில் களத்துக்கு அனுப்ப வேண்டாம்.